ஹெரால்டு எழுந்து ஓட: பழைய காருக்குப் புதிய பாகங்கள் பொருத்தும் வரிசை

செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்கட்டு அடுத்த தெருவில் முடியும். பின்கட்டை ஒட்டிய கொட்டகைகளில் சாக்கு போர்த்திய பழைய கார்கள் இன்னும் நிற்கின்றன. பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட். எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்போர்ட்ஸ் கார் ஆசை இருக்கிறவர்கள் அந்த மூன்றாவதைத் தேடுங்கள்.

காரணம் இதுதான். ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பெயரில் வந்த கார். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் அதையே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் சென்னைக்குத் தெற்கே, பெருங்களத்தூர் பக்கத்தில் தயாரித்தது. 948 சிசி எஞ்சின், சாதாரணக் குடும்பக் கார். ஆனால் 1962-ல் ட்ரையம்ஃப் இதே சேஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, நீளம் குறைத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடம்பை வைத்து ஸ்பிட்ஃபயர் என்று விற்றது. முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ராக், பின் ஆக்ஸில் அமைப்பு எல்லாம் ஒரே குடும்பம். ஸ்பிட்ஃபயருக்கான பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அசல் ஸ்பிட்ஃபயரை நம் பக்கம் தேடிக்கொண்டிருப்பதைவிட, கண்முன் நிற்கும் ஹெரால்டுக்குள் அதைக் கொண்டுவருவது நடக்கிற காரியம்.

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன எஞ்சின் போடலாம்?" அது கடைசிக் கேள்வி. நிற்கத் தெரிந்த பிறகுதான் கார் ஓட வேண்டும். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் போகிறது: காகிதம், பிரேக், சஸ்பென்ஷன், ஒயரிங், அதன்பிறகே எஞ்சின். பாதியில் பணம் தீர்ந்தாலும் இந்த வரிசையில் போனவர் கையில் ஓட்டக்கூடிய கார் இருக்கும். எஞ்சினில் தொடங்கியவர் கையில் பளபளப்பான எஞ்சின் மட்டும் இருக்கும்.

காகிதம்

கார் வாங்குமுன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். பல வீடுகளில் அது இன்னும் ஐயா பெயரிலேயே இருக்கும். ஐயா போய் முப்பது வருடம் ஆகியிருக்கும். வாரிசுச் சான்று, படிவம் 31 என்று தொடங்க வேண்டும். வீட்டில் எத்தனை பங்கோ அத்தனை பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், இன்னொருவர் மற்றவரோடு பேசுவதில்லை. முன்பணம் கொடுப்பதற்குள் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் என்றால் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம் என்றால் புதுக்கோட்டை. எந்த அலுவலகத்துக்கு நடக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

சேஸ் நம்பரைப் பென்சில் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. பிரேக், ஒயரிங், ரேடியேட்டர் போன்றவற்றை மேம்படுத்துவது வேறு. வேறு நிறுவன எஞ்சினை உட்கார வைப்பது வேறு. இரண்டாவதற்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். "போட்டுட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்று வாசலில் ஒருவர் சொல்வதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுத்துவிட்டால் பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் செய்யலாம். அதுவும் நல்ல கார்தான்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 2021-ல் வந்த விதிகளின்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவில் உள்ள, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியைப் பழங்கால வாகனமாகத் தனியே பதியலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு அது சரிவராது. புது எஞ்சின் போட்ட காருக்கு அந்தக் கதவே மூடியிருக்கும். எந்தப் பாதை என்று இங்கேயே முடிவு செய்யுங்கள்.

பிரிப்பது

ஹெரால்டைப் பிரிப்பது சுகமான வேலை. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். எஞ்சினும் முன் சக்கரங்களும் முழுதாக வெளியே தெரியும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். உடம்பும் ஒரே கூடாக இல்லாமல், துண்டு துண்டாகச் சேஸில் போல்ட் போட்டது. கூரைகூடத் தனியாகக் கழன்று வரும்; கழற்றி ஓட்டும் ஆசை வரும், ஆனால் அதுவும் உருவ மாற்றம் என்ற கணக்கில் வரும் என்பதை மறக்காதீர்கள்.

போல்ட் எல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்தால் தலை உருண்டுவிடும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று தனியாக வாங்குங்கள், பின்னால் ஜப்பானிய எஞ்சின் வந்தால் மில்லிமீட்டர் செட்டும் வேண்டும். துரு பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போட்டோ, கழற்றிய பின் பையில் போட்டுச் சீட்டு. தூக்கிப் போடுவது என்று எதுவும் இல்லை, உடைந்ததுகூட அளவு எடுக்க உதவும்.

உடம்பு இறங்கியதும் சேஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சேஸை நாலு ஸ்டாண்டில் மட்டமாக வைத்து, சஸ்பென்ஷன் பிடிக்கும் ஒவ்வொரு துளையிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் அது காட்டும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பிறகு சேஸை மறந்துவிட்டுப் புள்ளிகளுக்கு இடையே மூலைவிட்டமாக டேப் பிடித்து அளந்து பாருங்கள். இடது முன் – வலது பின், வலது முன் – இடது பின். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ அடிபட்டிருக்கிறது. நிமிர்த்திய பிறகே அடுத்த வேலை. பக்கவாட்டில் நீளும் கைகளின் நுனியையும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் இடத்தையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். "டங்" என்றால் சரி, "தப்" என்றால் உள்ளே தகரம் போய்விட்டது.

பிரேக்

பழைய ஹெரால்டில் நாலு சக்கரத்திலும் டிரம், எண்ணெய்க்கு ஒரே ஒரு வழி. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நாலு பிரேக்கும் போய்விடும். எனவே இரண்டு மாற்றம் கட்டாயம்: முன் சக்கரத்துக்கு டிஸ்க், மேலே, பெடல் மிதியை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை வழியாக.

டிஸ்க்குக்கு நான் சொல்வது ஸ்பிட்ஃபயரின் பாகங்களையே வரவழைப்பது. முன்பக்கம் ஒரே குடும்பம் என்பதால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர், பிராக்கெட், ஹப், டிஸ்க் எல்லாம் செட்டாகப் போல்ட்டில் உட்காரும். மாருதி காலிப்பருக்கு லேத்தில் பிராக்கெட் செய்து போட்டவர்களும் உண்டு. செலவு குறையும், ஆனால் அந்தப் பிராக்கெட்டின் கனமும் எஃகின் தரமும் உங்கள் உயிர். வடிவமைக்கத் தெரிந்தவர் கையில் வரைபடம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். வெல்டிங் வைப்பது கூடவே கூடாது.

டிரம்முக்காகச் செய்த சில மாஸ்டர் சிலிண்டர்களில் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு உண்டு. டிஸ்க் இருக்கும் வழியில் அது இருந்தால் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், பத்து கிலோமீட்டரில் புகை வரும். புது சிலிண்டர் வாங்கும்போதே இதைக் கேளுங்கள். டிஸ்க்குக்குப் பெடலை அதிகமாக மிதிக்க வேண்டியிருக்கும்; அது கோளாறு இல்லை. காலுக்குக் கனமாகத் தெரிந்தால் வேக்யூம் பூஸ்டர் பிறகு சேர்க்கலாம்.

குழாய் போடும் நாளில் பட்டறையில் இந்தப் பேச்சு நிச்சயம் வரும்.

"அண்ணே, ஏசி காப்பர் பைப் கிடக்கு. நல்லா வளையும். அதையே போட்டுடவா?"

"வேண்டாம்ப்பா. பிரேக் பைப்பே வாங்கிட்டு வா."

ஏசி செம்புக் குழாய் அதிர்வில் இறுகி, விளிம்பில் வெடிக்கும். எஃகு பிரேக் குழாய் அல்லது செம்பு–நிக்கல் கலவைக் குழாய்தான் வேண்டும், நுனி இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. எண்ணெய் டாட் 4. காற்று எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். முடிந்தபின் ஒருவர் பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு உட்கார, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்கட்டும்.

சஸ்பென்ஷன்

முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த கம்பியின் அடிமுனை, ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் மரையாகத் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையே சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் கூடாது. இபி 90 கியர் ஆயில் விட வேண்டும். நம் ஊரில் கிரீஸ் கன்னைப் பார்த்தாலே எல்லா நிப்பிளிலும் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே கெட்டியாகி எண்ணெய்க்கு வழி அடைக்கும், தண்ணீர் தங்கும், மரையடியில் துரு அரிக்கும், ஒருநாள் திருப்பத்தில் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். பழைய காரில் என்ன ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனவே கழற்றி மரையைக் கண்ணால் பாருங்கள். குழி விழுந்திருந்தால் புதிது மாற்றுங்கள்.

பின்பக்கம் வேறு கதை. டிஃபரன்ஷியல் சேஸில் அசையாமல் இருக்கும். அரை ஆக்ஸில்கள் மட்டும் அதிலிருந்து மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்பக்கம் எழும்பும், வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும், பின்பாகம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். 34 குதிரைத் திறனில் இது அபூர்வம். புது எஞ்சினுக்குப் பிறகு அபூர்வம் இல்லை. ட்ரையம்ஃபே இதற்கு ஒரு தீர்வு கண்டது: 1970-ல் வந்த நாலாம் மார்க் ஸ்பிட்ஃபயரில், குறுக்கே கிடக்கும் லீஃப் ஸ்பிரிங்கின் பெரும்பாலான தகடுகள் நடுவில் ஊசலாடும்படி வைத்தார்கள். அந்த ஸ்பிரிங்கை ஹெரால்டுக்குப் பொருத்துவது பலர் செய்து தேர்ந்த வேலை. முன்பக்கம், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரும் கொஞ்சம் தடித்ததாகச் சேர்த்துப் போட வேண்டும். புது ஷாக் அப்ஸார்பர், 155 அகலத்தில் 13 அங்குல ரேடியல் டயர். சக்கரம் அசலாகவே இருக்கட்டும். நாலு போல்ட்டும் 95.25 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், கடையில் தொங்கும் அலாய் வீல் எதுவும் சுலபத்தில் பொருந்தாது.

ஒயரிங்

பழைய ஒயரை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள். துணி சுற்றிய ஒயர் தொட்டாலே உதிரும். புதிதாகச் செய்யுங்கள். முதல்கால ஹெரால்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் உடம்போடு இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டர் வைத்தால் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியே ஆக வேண்டும், தலைகீழாகக் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் அந்த நொடியே போய்விடும். காயில் ஒயர்களையும் அம்மீட்டர் ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். அன்றைய கார்களில் ஃப்யூஸ் மிகக் குறைவு, ஒவ்வொரு வழிக்கும் தனி ஃப்யூஸ் கொடுங்கள். ஹெட்லைட், ஹார்ன், ஃபேன் மூன்றுக்கும் ரிலே.

எஞ்சின், கியர் பாக்ஸ்

இப்போது கேட்கலாம். ஆர்.டி.ஓ. சம்மதம் கையில் இருந்தால், என் தேர்வு மாருதி ஜிப்ஸி கிங்கின் கார்புரேட்டர் எஞ்சின். 1298 சிசி, அலுமினிய பிளாக், 60 குதிரைத் திறன். 1962-ல் வந்த முதல் ஸ்பிட்ஃபயருக்கு 63. இதே குடும்பத்துப் பின் ஆக்ஸில் தாங்கிய அளவு அது. அதே ஜிப்ஸியில் பிறகு வந்த 16 வால்வு, 80 குதிரைத் திறன் எஞ்சினைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கம்ப்யூட்டர், உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப், டேங்குக்குத் திரும்பும் குழாய் எல்லாம் கூடவே வரும். 948-இன் சின்ன ஆக்ஸிலும் அதை நெடுநாள் பொறுக்காது. முதல் காருக்கு வேண்டாம்.

ஜிப்ஸிதான் ஏன் என்றால், எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது, ஐந்து கியர் பாக்ஸ் அதோடு வருகிறது, நாலு சக்கரத்துக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிப் பெட்டியாகச் சின்ன ஷாஃப்ட் வழியே இணைந்திருக்கிறது. அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, கியர் பாக்ஸிலிருந்து நேராகப் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்ட் போடலாம். ஒரு சிக்கல் மட்டும்: ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்தப் பெட்டியில்தான் மாட்டியிருக்கும். பெட்டி போனால் வேகம் காட்ட ஒன்றும் இருக்காது; மின்னணு சென்சார் வைத்த ஸ்பீடோமீட்டருக்குத் திட்டமிடுங்கள். எஞ்சினைச் சென்னை புதுப்பேட்டையிலோ மதுரையிலோ வாங்கினால் ரசீதும் அந்த வண்டியின் காகித நகலும் இல்லாமல் வாங்காதீர்கள், எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றும்போது அதைத்தான் கேட்பார்கள்.

உட்கார வைக்கும்போது முழு எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டாம். காலி பிளாக், அதன் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப், கியர் பாக்ஸ் ஓடு மட்டும் சேர்த்து இறக்குங்கள். சம்ப் எங்கே தொங்குகிறது, ஸ்டியரிங் ராக்கில் இடிக்கிறதா, பானெட் மூடுகிறதா, கியர் லீவர் எங்கே வருகிறது என்று பாருங்கள். மவுண்டுகளை முதலில் ஒட்டுப்பலகையில் வெட்டி வைத்துப் பார்த்த பிறகு இரும்பில் செய்யுங்கள். சேஸில் புதுத் துளை முடிந்தவரை வேண்டாம். நாளை ஒருவர் பழைய எஞ்சினைத் திருப்பிப் போட நினைத்தால் வழி இருக்க வேண்டும். பழைய எஞ்சினையும் எண்ணெய் விட்டுச் சாக்கில் கட்டி வையுங்கள்.

டிஃபரன்ஷியல் அசையாது என்று சொன்னேன் அல்லவா? அது இங்கே வரம். பள்ளத்தில் விழுந்தாலும் புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறாது, ஒருமுறை சரியாக வைத்தால் போதும். கியர் பாக்ஸின் பின்முகமும் டிஃபரன்ஷியலின் முன்முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், இரு முனையிலும் ஓரிரண்டு டிகிரி சரிவு இருக்கலாம். ஷாஃப்டை லாரி ஷாஃப்ட் பார்க்கும் பட்டறையில் வெட்டி, பேலன்ஸ் பண்ணி வாங்குங்கள்.

டிஃபரன்ஷியல் விகிதம் தெரிய வேண்டுமா? பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான். பிரிட்டனில் 948 சிசி சலூனுக்கு 4.875 இருந்தது. அந்த விகிதத்தில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு நாலாவது கியரில் எஞ்சின் சுமார் 3,600 சுற்று சுற்றும்; ஜிப்ஸியின் ஐந்தாவதில் 3,000-ஐ ஒட்டி இறங்கும். திருச்சி சாலையில் போகும்போது அந்த ஐந்தாவது கியரின் அருமை தெரியும்.

பெட்ரோல் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும், பழைய ரப்பரைக் கரைக்கும். டேங்கைச் சுத்தம் செய்து, எத்தனால் தாங்கும் என்று அச்சிட்ட ஹோஸ் மட்டும் போடுங்கள். காரை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள்.

சூடு

சித்திரை மாதம் காரைக்குடி கழனிவாசல் சிக்னலில் நிற்கும் என்று நினைத்துத்தான் ரேடியேட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அலுமினிய ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் சுவிட்சோடு மின்விசிறி. ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து அடைக்கும். தண்ணீர் கலந்தே விற்கும் கூலன்ட் நல்லது.

தகரம், பெயிண்ட்

அரிப்பையும் மின்முலாமையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1948-லிருந்து காரைக்குடியில்தான் இருக்கிறது. அதனால் நம் சேஸ் துருப்பிடிக்காமல் இருந்துவிடவில்லை. துருவை முழுதும் சுரண்டி, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, புதுத் தகரம் வைத்து, துத்தநாக பிரைமர் அடித்த பிறகே பட்டி. பட்டி என்பது நம் சுவர்ப் பூச்சு மாதிரி, மெல்லிசாகப் பல தடவை. ஒரே தடவையில் விரற்கடை கனத்துக்கு அப்பினால் முதல் கோடையிலேயே வெடிக்கும். சேஸ் குழாய்களுக்குள்ளே மெழுகு எண்ணெய் பீய்ச்சுங்கள். நிறத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் அதிகாலையில், ஊருக்குள் நேர் தெருவில், இருபது கிலோமீட்டர் வேகத்துக்குள். பானெட்டின் பின்கொக்கிகள் இரண்டும் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு, காலிச் சாலையில், பேட் படிய, ஐம்பதிலிருந்து இருபதுக்கு மெதுவாக இறக்குவதைப் பலமுறை செய்யுங்கள், நடுவில் ஆற விடுங்கள். திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் ஏறிய பிறகு, செய்த மாற்றங்களை இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 500 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும், முக்கியமாக மவுண்டுகள், ஷாஃப்ட் ஃபிளாஞ்ச், ஸ்பிரிங்கின் நடு போல்ட், சக்கர நட்டுகள். அன்றைக்கே ட்ரனியனுக்கு எண்ணெயும் விட்டுவிடுங்கள்.